சவ்தாவுக்கு ரெண்டு அம்மா. அவங்க அப்பா செஞ்சது குற்றமா?

மெதப்பேலெத் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இஸ்ரேல்ல, ரோஷ் ஹாயின் ஊர்ல, ஒரு வயசான அம்மாவைக் கவனிச்சுக்கற வேலையில இருக்கேன். இந்த வேலைக்கு இங்க மெதப்பேலெத்னு பேரு. நாலு வருஷமா ஒரே வீடு. அம்மாவுக்கு 87 வயசு. ஏமன் மலைக் கிராமத்துல பொறந்து, 1949-ல பதினோரு வயசுல விமானத்துல வந்து இறங்கினவங்க. பாட்டியை இங்க சவ்தான்னு சொல்வாங்க, நானும் அப்படியே கூப்பிடறேன்.

சவ்தாவுக்கு ரெண்டு அம்மா. பெத்தவங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்ல, அதனால அப்பா இன்னொருத்தரைக் கட்டினார். அவங்களுக்கு அடுத்தடுத்து ரெண்டு பையன். அதுக்கப்புறம்தான் மூத்தவங்க வயித்துல சவ்தா. பெத்தவங்களை இம்மான்னும் மத்தவங்களை இம்மா க்தானான்னும் சொல்வாங்க. க்தானான்னா சின்ன. சின்னம்மான்னே என் காதுல விழுந்துச்சு, விளக்கம் எதுவும் தேவைப்படல.

ராத்திரி தூக்கம் வராதப்ப அந்த வீட்டைப் பத்திப் பேசுவாங்க. உசரமான கல் வீடு. மேல இம்மா, கீழ க்தானா. ரெண்டு அடுப்பு, ரெண்டு வாசல், மாவு வைக்கற பானைகூட ரெண்டு. ஒரு சனிக்கிழமை அப்பா மேல இருப்பார், அடுத்த சனிக்கிழமை கீழ. அந்த முறை ஒரு தடவைகூட மாறினதில்லையாம். ஊரை விட்டுக் கிளம்பினப்ப, இம்மா தன் கல்யாணப் பத்திரத்தைத் துணிக்குள்ள வெச்சுத் தெச்சு, இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் ஏடன் வரைக்கும் வந்தாங்களாம். அந்தப் பத்திரம் இப்பவும் இந்த வீட்டு அலமாரியில இருக்கு.

போன சனிக்கிழமை காலையில எல்லாரும் உக்காந்து ஜாக்னூன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். கொள்ளுப்பேரனுக்குப் பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல ஏதோ சட்டப் பாடம் நடத்தியிருக்காங்க போல. "ரெண்டு கல்யாணம் பண்ணினா அஞ்சு வருஷம் ஜெயில். சவ்தாவோட அப்பா இப்ப இருந்தா உள்ளதான்"னு சொல்லிட்டான். கெட்ட எண்ணத்துல சொல்லல, பாசமான பையன். சவ்தா கையில இருந்ததை அப்படியே தட்டுல வெச்சுட்டாங்க. மூணு நாளாச்சு. டீயும் ரெண்டு வாய் சூப்பும்தான் இறங்குது. நேத்து ராத்திரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா குற்றவாளியா? அப்ப க்தானா யாரு?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஹீப்ரு மாத்திரை, குளியல், எங்க வலிக்குது, அவ்வளவுதான். வீட்டு ஆளுங்க "பழைய கதை, கண்டுக்காத"ங்கறாங்க. ராத்திரி பக்கத்துல படுக்கறவ நான். கண்டுக்காம எப்படி இருக்கறது?

அவங்க மதத்துல இது அனுமதி இருந்ததா? இருந்ததுன்னா எப்ப நின்னுச்சு? இங்க வந்ததும் ரெண்டு பேரையும் பிரிச்சாங்களா? அவங்ககிட்ட நான் சொல்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க. சின்ன வாக்கியமா இருந்தா நல்லது.

பழஞ்சுவடி எழுதியது:

சகோதரி, முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில். அவர் தந்தை குற்றவாளி அல்ல. சின்னம்மாவும் முறைப்படி மணந்த மனைவிதான், ஒரு குறையும் இல்லாத மனைவி. அந்தப் பையன் சொன்ன ஐந்து வருடச் சட்டம் உண்மையானது. ஆனால் அது இஸ்ரேல் நாட்டுச் சட்டம். ஏமனில் அதற்கு முன்பே நடந்த கல்யாணத்தை அது தொடவே இல்லை. 1949 ஜூன் தொடங்கி 1950 செப்டம்பர் வரை ஏறத்தாழ 49,000 பேர் ஏமனிலிருந்து விமானங்களில் வந்தார்கள். இரண்டு மனைவியரோடு வந்த குடும்பங்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், யாரையும் பிரிக்கவில்லை. நீங்கள் இருக்கும் ரோஷ் ஹாயினே அவர்களுக்காகப் போட்ட கூடார முகாமிலிருந்து வளர்ந்த ஊர்தான்.

இனி அனுமதி பற்றி. யூதர்களின் வேதமான தோராவில் இரண்டு மனைவியர் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. அதில் இருப்பதெல்லாம் கணவனுக்குப் போட்ட கட்டுகள். யாத்திராகமம் 21:10, இன்னொருத்தியை மணந்தால் முந்தியவளுக்கு உணவு, உடை, தாம்பத்திய உரிமை மூன்றிலும் குறை வைக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 21-ஆம் அதிகாரம், பிடிக்காத மனைவிக்குப் பிறந்தவனே மூத்தவன் என்றால் அவனுக்குரிய இரட்டைப் பங்கைப் பிடித்த மனைவியின் மகனுக்கு மாற்றிவிடக் கூடாது என்கிறது. அக்காளும் தங்கையும் உயிரோடு இருக்கும்போது இருவரையும் மணக்கக் கூடாது என்பது லேவியராகமம் 18:18. யாக்கோபு லேயாளையும் ராகேலையும் மணந்தாரே என்று கேட்பீர்கள். அது தோரா கொடுக்கப்படுவதற்கு முந்திய காலம்.

நீங்கள் எழுதியதில் என் மனத்தைப் பிடித்தது அந்த இரண்டு வாசலும் இரண்டு அடுப்பும். அது வெறும் வீட்டுச் சண்டைக்குப் பயந்து செய்த ஏற்பாடாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஏமன் யூதர்கள் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸைத் தங்கள் குருவாகவே கொண்டவர்கள். அவர் 1172 வாக்கில் அவர்களுக்குத் தைரியம் சொல்லி ஒரு நீண்ட கடிதமே எழுதியிருக்கிறார். அவருடைய சட்டத் தொகுப்பில் திருமணப் பகுதியின் 14-ஆம் அதிகாரம் சொல்வது இதுதான்: ஒருவன் எத்தனை மனைவியரை வேண்டுமானாலும் மணக்கலாம், ஒவ்வொருத்திக்கும் உரிய உணவும் உடையும் தாம்பத்தியமும் கொடுக்க முடிந்தால். ஆனால் அவர்களை ஒரே முற்றத்தில் குடியிருக்கும்படி அவன் கட்டாயப்படுத்த முடியாது. ஒவ்வொருத்திக்கும் தனியிடம். சவ்தாவின் அப்பா மேலும் கீழுமாக வீட்டைப் பிரித்ததும் சனிக்கிழமை முறை மாறாமல் போனதும் இந்த வரிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். அந்த மனிதர் தன் சட்டத்தை மீறியவர் அல்ல, கவனமாகக் கடைப்பிடித்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து. மைன்ஸ் நகரில் ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் இருந்த ரபீ (யூத மதகுரு) கெர்ஷோம் என்பவரின் பெயரால் வழங்கும் ஹேரெம், அதாவது மீறினால் சமூக விலக்கு என்ற ஆணை. அதில் இரண்டு முக்கியமானவை. ஒருத்தி இருக்க இன்னொருத்தியை மணக்கக் கூடாது, மனைவியின் சம்மதம் இல்லாமல் அவளை விவாகரத்து செய்யக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் பலம். முதலாவது மட்டும் இருந்தால் மூத்தவளைத் தள்ளிவிட்டு இளையவளைக் கட்டிவிடலாமே. ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து யூதர்கள் இதை ஏற்றார்கள். ஏமன், பாரசீகம், குர்திஸ்தான் பக்கத்தில் அது செல்லவில்லை. 1565-இல் அச்சான ஷுல்ஹான் அருஹ் என்ற சட்டநூலிலேயே இந்தப் பிளவு தெரியும். அதை எழுதிய சாஃபெத் நகரத்து யோசேப் காரோ, ஆணை எல்லா நாடுகளுக்கும் பரவவில்லை, அதுவும் 1240-ஆம் ஆண்டு வரைக்குமே போடப்பட்டது என்கிறார். கிராகோவின் மோசே இஸ்ஸெர்லெஸ் பக்கத்திலேயே குறிப்பு எழுதி, எங்கள் நாடுகளில் அது இன்றும் நடப்பில் உள்ளது என்கிறார். ஒரே பக்கத்தில் இரண்டு உலகம்.

இஸ்ரேல் உருவானபின் இரண்டு உலகமும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தன. 1950-இல் தலைமை ரபீக்கள் எருசலேமில் கூடி, இனிமேல் நாட்டிலுள்ள எல்லா யூதச் சமூகங்களுக்கும் ஒருதாரம்தான் என்று ஆணையிட்டார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் சம உரிமைச் சட்டம் வந்தது. இப்போது 1977 தண்டனைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவில் இந்தத் தடை இருக்கிறது. பையன் படித்தது அதைத்தான். எல்லாமே "இனிமேல்".

சவ்தாவிடம் சொல்வதற்கு நான்கு சொல் தருகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "கெதாத் மோஷே வெ இஸ்ராயேல்". மோசேயும் இஸ்ரவேலும் கொண்ட முறைப்படி என்று பொருள். யூதக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துச் சொல்லும் வாக்கியம் இப்படித்தான் முடியும். அவர் அப்பா இம்மாவிடமும் இதைச் சொல்லித்தான் மணந்திருப்பார், க்தானாவிடமும் இதைச் சொல்லித்தான். சவ்தாவுக்கு விளக்கவே வேண்டாம்.

புதுவரவு கேட்டது:

நாலு பேர் வரைக்கும்தான்னு ஒரு கணக்கு உண்டு, அது முஸ்லிம்களுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். யூதர்களுக்கும் உண்டா?

பழஞ்சுவடி எழுதியது:

யூதச் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் உண்டு, ஆனால் நல்லாலோசனையாக. அதில் யெபாமோத் என்ற நூலின் 44-ஆம் ஏட்டில், நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருத்திக்கும் மாதத்தில் ஒரு முறையாவது கணவன் கிடைக்க வேண்டும் என்று வருகிறது. படித்தவருக்கு வாரம் ஒருமுறை என்பது தல்மூதின் கணக்கு, மாதத்துக்கு நான்கு வாரம், அதனால் நான்கு. அதே நூலின் 65-ஆம் ஏட்டில் ராவா என்பவர், காப்பாற்ற முடிந்தால் எத்தனை பேரையும் மணக்கலாம் என்கிறார். ரபீ அம்மி அதற்கு எதிர்: இன்னொருத்தியை மணப்பவன் முதல் மனைவி கேட்டால் விடுதலையும், கல்யாணப் பத்திரத்தில் எழுதிய கெதுபா பணமும் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அம்மியைப் பிடிக்கும்.

சேர்த்து இன்னொன்று. ரபீ தர்ஃபோன் பஞ்ச காலத்தில் 300 பெண்களை நிச்சயம் செய்துகொண்டார் என்று தோசெஃப்தா என்ற பழைய சட்டத் தொகுப்பில் உண்டு. அவர் ஆசாரியர் வம்சம். ஆசாரியருக்கு வரும் தானியக் காணிக்கையை அவர் குடும்பத்தார் மட்டுமே உண்ணலாம். மனைவியென்று பெயர் கொடுத்தால் அவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். இந்த ஒரு வரிக்காகவே அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றும்.

பேரீச்சை எழுதியது:

பழஞ்சுவடி ஐயா சொன்ன சட்டமெல்லாம் சரி. ஆனா அதைப் படிச்சா எல்லாம் ஒழுங்கா நடந்த மாதிரி ஒரு நினைப்பு வருது. அக்கா, சவ்தாகிட்ட அவங்க அப்பாவைப் பத்தி மட்டும் பேசாதீங்க. அந்த ரெண்டு பொம்பளைங்களைப் பத்தியும் பேசுங்க.

ஹீப்ருல சக்களத்திக்கு என்ன சொல் தெரியுமா? ட்சாரா. துன்பத்துக்கும் அதே சொல்தான், அதே எழுத்து, அதே ஒலி. ட்சாரோத்னு இங்க வீட்டுக்கு வீடு புலம்புறதை நீங்க தினம் கேட்டிருப்பீங்க. சாமுவேல் புத்தகத்துல குழந்தையில்லாத அன்னாளைப் பெனின்னாள் குத்திக் குத்திப் பேசுவாளே, அந்த இடத்துல இருக்கறது இந்தச் சொல்தான். தமிழ் பைபிள்லயும் சக்களத்தின்னே போட்டிருக்கு. அன்னாள் சாப்பிடாம அழுதா. கணவன் வந்து, பத்துப் பிள்ளையைவிட நான் உனக்கு மேல் இல்லையான்னு கேக்கறான். அதுக்கு அவ பதிலே சொல்லல. உங்க இம்மா ஏழு வருஷம் காத்திருந்து, கீழ் மாடியில ரெண்டு குழந்தை அழறதைக் கேட்டுக்கிட்டு மேல இருந்தவங்க. அதை நினைச்சுப் பாருங்க.

அந்தப் பத்திரத்தை ஏன் உடம்போட தெச்சுக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். அதுக்குப் பேரு கெதுபா. கணவன் செத்தாலோ தள்ளி வெச்சாலோ அவளுக்கு எவ்வளவு சேரணும்னு எழுதின கடன் பத்திரம் மாதிரி. மிஷ்னாங்கற பழைய யூதச் சட்டத் தொகுப்புல கெதுபோத் பகுதியோட பத்தாவது அதிகாரம் எடுத்ததுமே இதுதான்: ஒருத்தனுக்கு ரெண்டு மனைவி, அவன் செத்துட்டான், யாருக்கு முதல்ல பணம்? மூத்தவளுக்கு. அவளுக்கு அப்புறம்தான் இளையவளுக்கு. படிக்கத் தெரியாத பொம்பளைக்குக்கூட அந்தத் தாள் என்னன்னு தெரியும்.

பாபத்தான்னு ஒருத்தி. சாக்கடலுக்குப் பக்கத்துல நகால் ஹேவெர் குகையில அவளோட தோல் பையை 1961-ல யிகாயேல் யாதின் குழு கண்டெடுத்துச்சு. உள்ள 35 பத்திரம். சுமார் 1900 வருஷம் முன்னால உள்ளவ. அவளோட ரெண்டாவது கணவன் யூதாவுக்கு ஏற்கெனவே மிரியாம்னு மனைவி. அவன் செத்ததும், தனக்குச் சேர வேண்டிய பணத்துக்காக மஹோசா கிராமத்துல இருந்த பேரீச்சந் தோட்டங்களை பாபத்தா எடுத்துக்கிட்டா. வீட்டுப் பொருளையெல்லாம் மிரியாம் அள்ளிட்டான்னு 131-ஆம் வருஷம் நீதிமன்றத்துக்கு இழுத்தா. அந்தத் தாள்ல யூதாவைச் சொல்ற இடத்துல, எனக்கும் உனக்கும் கணவனா இருந்து செத்தவன்னு வருது. நான் அதைப் படிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல. அவளும் பையோட குகைக்குள்ள போனா. இம்மா இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தாங்க.

பொம்பளைங்க சும்மாவும் இருந்துடல. கெய்ரோ கெனீசாவுல, அதாவது அங்க ஒரு யூதத் தொழுகைக் கூடத்துல சேர்த்து வெச்சிருந்த பழைய தாள் குவியல்ல, கிடைச்ச கல்யாணப் பத்திரங்கள்ல, நான் சம்மதிக்காம இன்னொருத்தியைக் கட்டக் கூடாது, எனக்குப் பிடிக்காத அடிமைப்பெண்ணை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது, மீறினா முழுப் பணத்தோட விடுதலைன்னு எழுதி வாங்கியிருக்காங்க. அங்கயும் தடை கிடையாது. ரபீ தடுக்காத இடத்துல பேரம் பேசித் தடுத்தாங்க.

இரவுப்பணி எழுதியது:

நானும் இஸ்ரேலில் இதே வேலைதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இது முழுக்கப் பழைய கதை இல்லை.

ஆணுக்கு இன்றும் ஒரு வாசல் உண்டு. மனைவி நினைவு தப்பிப் போனாலோ, விவாகரத்துப் பத்திரமான கெத்-ஐ வாங்கும் நிலையில் இல்லாவிட்டாலோ, மூன்று நாடுகளைச் சேர்ந்த நூறு ரபீக்கள் கையெழுத்திட்டால் ரபீ கெர்ஷோமின் ஆணையிலிருந்து அவனுக்கு விலக்கு கிடைக்கும். அவளுக்குரிய கெத்தையும் பணத்தையும் ஒப்படைத்துவிட வேண்டும். அபூர்வமாகத்தான் கொடுக்கிறார்கள், இங்கே ரபீனிய நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் வாசல் இருக்கிறது.

பெண்ணுக்கு அது இல்லை. கணவன் ஓடிப்போனாலும் சுயநினைவின்றிக் கிடந்தாலும், அவன் கெத் கொடுக்கும் வரைக்கும் அல்லது இறந்தான் என்று உறுதியாகும் வரைக்கும் அவள் அகுனா, கட்டுண்டவள். அதற்குள் வேறொருவனுக்குப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை மம்சேர். வழக்கமான யூதக் கல்யாணம் அதற்குக் கிடையாது. கல்யாணமான ஆண் வேறொரு பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயர் வராது, அவளுக்குக் கணவன் இல்லாதவரை. ஆணுக்குப் பலதாரம் அடிப்படையில் அனுமதிக்கப்பட்டது என்பதன் நிழல் இது.

நான் முன்பு பார்த்துக்கொண்ட பெரியவரின் மகள் ஆறு வருடம் கெத்துக்குக் காத்திருந்தாள். கொடுக்க மறுப்பவனின் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கவும் வங்கிக் கணக்கை முடக்கவும் சிறையில் வைக்கவும் 1995 சட்டம் இடம் கொடுக்கிறது. அவள் விஷயத்தில் உரிமத்தைப் பிடுங்கவே மூன்று வருடம் ஆனது. அவளோடு நீதிமன்ற வராந்தாவில் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பையனுக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

மெதப்பேலெத் எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. மூணு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

அன்னைக்கு ராத்திரியே சொன்னேன். "சவ்தா, அப்பா, இம்மா, கெதாத் மோஷே வெ இஸ்ராயேல். அப்பா, க்தானா, கெதாத் மோஷே வெ இஸ்ராயேல்." தப்பும் தவறுமாத்தான் சொல்லியிருப்பேன். என்னையே பாத்தாங்க. அப்புறம் அந்த வாக்கியத்தை முதல்லேர்ந்து அவங்களே சொன்னாங்க, அவங்க ஏமன் உச்சரிப்புல, பாட்டு மாதிரி. ரெண்டு தடவை.

பேரீச்சை, நீங்க சொன்னபடி இம்மாவைப் பத்திக் கேட்டேன். ட்சாராவான்னு கேட்டதும் முதல்ல இல்லைன்னாங்க. கொஞ்ச நேரம் போனதும், அப்பா கீழ இருக்கற சனிக்கிழமை ராத்திரி இம்மா விளக்கை ஏத்தாம உக்காந்திருப்பாங்க, நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன்னு சொன்னாங்க. நாலு வருஷத்துல இதை என்கிட்ட சொன்னதே இல்ல. க்தானாவுக்கு ரெண்டாவது பையன் பொறந்தப்ப ஜுரம் வந்து பால் கட்டிக்கிச்சாம், நாப்பது நாள் கீழ போய் சமைச்சுப் போட்டது இம்மாதானாம். விளக்கேத்தாம இருந்ததும் அவங்கதான், சமைச்சதும் அவங்கதான்.

இங்க வந்து கூடாரத்துல இருந்தப்ப ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான் கிடைச்சுதாம். முதல்ல அதுக்குத்தான் இம்மா அழுதாங்களாம்.

நேத்து பையன் தானாவே வந்தான். யாரோ சொல்லியிருக்காங்க போல, முகம் வாடியிருந்துச்சு. சவ்தா அலமாரியைத் தொறக்கச் சொல்லி கெதுபாவை எடுத்து அவன் கையில கொடுத்தாங்க. அராமைக் மொழியாம், ஆனா ஹீப்ரு எழுத்து, தட்டுத் தடுமாறி வாசிச்சான். இம்மா பேரு வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னாங்க.

இன்னைக்குக் காலையில ஒரு முழு ரொட்டி, ஹில்பே தொட்டுக்கிட்டு. க்தானாவோட பத்திரம் பெரிய அண்ணன் வீட்டுல இருக்காம். வெள்ளிக்கிழமை பையனைப் போய் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.